மாலை போட்ட படம்

சென்னையிலிருந்து வந்த தொலைக்காட்சித் தொடர் குழுவுக்கு இறந்துபோன ஒருவரின் முகம் தேவைப்பட்டது. அதைத் தேடிக் கொடுத்தவன் நான்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் நீண்ட காலம் பத்திரிகை நிருபராக இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டிருந்த நேரம் அது. குழுவுக்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும், தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், வசனத்தில் எங்கள் பக்கத்துப் பேச்சைத் திருத்த வேண்டும். கதையில் நாயகியின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் இறந்துவிடுகிறார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் மாலை போட்ட படம், அதன் முன்னால் விளக்கு, சுற்றிலும் அழும் பெண்கள். நாயகி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாள். காட்சி அவ்வளவுதான்.

இயக்குநர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு காட்சி எடுத்துப் பழகியவர், நடந்துகொண்டே சாப்பிடுவார். குழு கொண்டுவந்திருந்த படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உதவியாளரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இவரு போன மாசம் வேற சீரியல்ல வட்டிக்கடைக்காரரா வந்தாரு. பாக்கறவங்க சிரிப்பாங்க. சார், உங்க ஊரு முகம் ஒண்ணு கொடுங்க. மலையில வேல செஞ்ச முகம்."

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பழைய ஸ்டூடியோ இருக்கிறது. அதை நடத்தும் முஸ்லிம் பெரியவரை நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அடையாள அட்டைக்குப் படம் எடுத்துவிட்டு மீதிப் பிரதிகளை வாங்க வராதவர்களின் முகங்கள் அவருடைய மேசை இழுப்பறையில் நிறைந்து கிடந்தன.

"எடுத்துட்டுப் போங்க. எத்தினியோ வருஷமா இதுக்குள்ளேயே ஈக்கி. ஒருத்தரும் வந்து கேக்கல்ல," என்றார்.

பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதும் என் வேலையாக இருந்தது. எந்த முகம் அதற்குப் பொருந்தும் என்று கைக்குத் தெரியும். நேராகப் பார்க்கும் கண்கள், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, சிரிப்பில்லாத உதடு. அப்படி ஒன்றை எடுத்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண். நானா அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தந்தார்.

படத்தைப் பார்த்ததும் இயக்குநர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். "இதுதான். ஆளு இருக்காரா, இல்லையா?"

"இல்லை," என்றேன்.

விசாரித்துச் சொன்ன பதில் இல்லை அது. கேட்டு வராதவர் இல்லாதவராகத்தான் இருப்பார் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

"அப்ப நல்லது," என்றார். ஏன் நல்லது என்று நான் கேட்கவில்லை.

படப்பிடிப்பு நடந்தது கைவிடப்பட்ட ஒரு லயத்தில். மண்சரிவால் நிலம் வெடிப்புக் கண்டதால், அங்கே இருந்தவர்களைக் கீழே புதிய வீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று இருந்த பத்துக் காம்பராக்களும் காலி. சுவரில் கலண்டர் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தன. அடுப்புச் சாம்பலை யாரும் அள்ளவில்லை. மூன்றாவது காம்பராவில் படத்தை மாட்டி, சாமந்தி மாலை போட்டு, விளக்கை வைத்தார்கள். அழுவதற்குத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பெண்களை வரவழைத்திருந்தேன். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

ஒருத்தி உதவி இயக்குநரிடம் கேட்டாள்: "தம்பி, இது எத்தனையாம் நாளு?"

"என்னது?"

"செத்து எத்தனையாம் நாளுன்னு கேக்குறேன். மொத நாளுன்னா ஒரு மாதிரி அழுவோம். பதினாறுன்னா வேற மாதிரி. சும்மா அழுன்னா எதுன்னு அழுவுறது?"

அவன் சிரித்துக்கொண்டே போய் இயக்குநரிடம் கேட்டு வந்தான். மூன்றாம் நாள் என்று முடிவாயிற்று.

அவர்கள் தோளில் தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து தொடங்கினார்கள். உடைந்த கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்து முழங்கால் உயரத்தில் நின்றது. இரண்டாவது நிமிடத்தில் ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இயக்குநர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கதவுப் பக்கம், நீலச் சேலை. அம்மா, நீங்க அழலையே. அழுங்கம்மா."

இரண்டாம் டேக்கிலும் அவர் அழவில்லை. மூன்றாம் டேக்கில் நாயகி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நீலச் சேலைக்காரர் எழுந்து, நாயகியைத் தாண்டி நடந்து, படத்துக்கு முன்னால் போய் நின்றார். யாரோ "கட்" என்று கத்தினார்கள். மற்றப் பெண்கள் அழுகையை உடனே நிறுத்தவில்லை. அது தானாக ஓய்ந்தது.

அவர் திரும்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் என்னிடம் வந்தார்.

"சேர், இது எங்க வீட்டுக்காரரு."

நான் படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"எப்ப செத்தாரு? இதச் சொல்லத்தான் என்னைய கூட்டிட்டு வந்தீங்களா?"

நான் உண்மையைச் சொன்னேன். ஸ்டூடியோவில் கிடந்த பழைய படம் இது, யாரும் சாகவில்லை, இது நடிப்பு. அவர் பொறுமையாகக் கேட்டார். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்வதாகவும், ஒன்பது நாளாகப் பேசவில்லை, போன் வேலை செய்யவில்லை என்றும் சொன்னார்.

"அப்ப உசுரோட இருக்காரா?"

"இருப்பார்."

"இருப்பாருன்னா? இருக்காரா, இல்லையா? ஒண்ணைச் சொல்லுங்க சேர்."



இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆனால் அந்தக் காம்பராவில் தனி இடம் என்று ஒன்று இல்லை. அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"இல்லைன்னு சொன்னீங்களே சார். எங்க லைன்ல ஒரு வழக்கம் இருக்கு. பொணமா நடிக்கிறவங்க ஷாட் முடிஞ்சதும் கேமராவப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் எந்திரிப்பாங்க. படத்துக்கு மாலை போட்டா, அதுல இருக்கறவரே வந்து மாலையக் கழட்டிட்டுச் சிரிக்கணும். அதையும் எடுத்து வெச்சுக்குவோம். டெலிகாஸ்ட்ல வராது. ஆனா இருக்கணும். உயிரோட இருக்கற ஒருத்தருக்கு மாலையப் போட்டு அப்படியே விட்டுட்டுப் போக நான் தயாரா இல்ல."

கலை உதவியாளர் மாலையைக் கழற்றக் கை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றார் அந்தப் பெண். "அவருதான் கழட்டணும்னு இப்பத்தான சொன்னாரு? அவரே வந்து கழட்டட்டும்."

யாரும் தொடவில்லை. மறுநாள் காலை குழு கிளம்பியது. படமும் மாலையும் காலி லயத்தில் அப்படியே தொங்கின. ஆளைக் கண்டுபிடித்து என் போனிலேயே எடுத்து அனுப்பும்படி இயக்குநர் சொல்லிவிட்டுப் போனார். வெட்டாமல் ஒரே ஷாட்: முகம், மாலை, சிரிப்பு. அதுவரை அந்தக் காட்சியைத் தொகுக்கப் போவதில்லை என்றார்.

கொழும்புச் சாப்பாட்டுக் கடையைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் அங்கிருந்து நின்று மாதக் கணக்காகிறது என்றார்கள். பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் தெரிந்தவர்களிடம் கேட்டேன். அடையாளம் தெரியாதவர்கள் பட்டியலில் அவர் வயதில் யாரும் இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன். "பட்டியல்ல இல்லைன்னா இருக்காருன்னு அர்த்தமா சேர்?" என்று கேட்டார்.

இதற்குள் தோட்டம் தன் பாட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அழ வந்த பெண்களில் ஒருத்தி மாலை போட்ட படத்தைப் போனில் எடுத்திருந்தாள். அது கைமாறிப் போகும்போது எங்கோ அடியில் "ஆத்மா சாந்தியடையட்டும்" என்று சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மற்றவர்களை மலைக்குப் பிரித்து அனுப்பிய கங்காணி நீலச் சேலைக்காரரை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, கங்காணியும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் வட்டவளையிலிருந்து உறவினர்கள் அரிசியும் தேங்காயும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். எழவு வீட்டுக்கு அப்படித்தான் வருவார்கள். அவர் அவர்களை உள்ளே விடாமல் வாசலில் நின்றே பேசி அனுப்பினார்.

அன்று லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். மாலை காய்ந்து சுருங்கியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழு அதை அணைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். புது எண்ணெய், புதுத் திரி. பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி, ஆவி அடங்கியிருக்கவில்லை. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் யார் வைத்தது என்று கேட்டேன். ஒருவரும் கொழுந்திலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருத்தி மட்டும், "நாங்க அந்தப் பக்கம் போறதில்லைங்க," என்றாள்.

கைமாறிய படம்தான் ஆளையும் காட்டிக் கொடுத்தது. கொழும்பு பஸ்ஸில் வேலை செய்யும் எனக்குத் தெரிந்த ஒரு கொண்டக்டர் சனிக்கிழமை போன் பண்ணினான். "அண்ணே, இந்த ஆளு நேத்துக் கூட எனக்குப் பணிஸ் கட்டிக் குடுத்தானே. எப்ப செத்தான்?"

கினிகத்தேனையில், பிரதான வீதியை ஒட்டிய ஒரு பேக்கரி, பணிஸ் என்று நாங்கள் சொல்லும் பன் சுடும் இடம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பின்பக்கம் மாப்பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிவு. புருவத்தில் மா. நான் யார் என்று சொல்வதற்குள், "படத்தப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றார்.

"நீங்களும் பார்த்தீர்களா?"

"மூணு நாளாச்சு. இங்க ஒரு பொடியன் காட்டுனான். செத்துட்டேன்னு போட்டிருந்திச்சு."

"ஏன் போன் பண்ணவில்லை?"

மாவை இரண்டு தடவை புரட்டிப் போட்டார். "அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன் சேர்."

பெரிய காரணம் ஒன்றும் இல்லை என்றார். கொழும்பில் வேலை போனது. வீட்டுக்கு வரத்தான் பஸ் ஏறினார். கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினார், பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை பேக்கரியில் மா மூட்டை இறக்கிக் கொடுத்தார். இருக்கச் சொன்னார்கள், இருந்துவிட்டார். பிறகு வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் கொழும்பில் சரியான வெயில் என்று சொல்லிவந்தார். போன் தண்ணீரில் விழுந்ததும் அதுவும் நின்றது.

அவர் மனைவிக்கு அங்கிருந்தே போன் பண்ணி, ஆள் உயிரோடிருப்பதையும் இருக்கும் இடத்தையும் சொன்னேன். "லயத்துக்குக் கூட்டிட்டு வாங்க. வீட்டுக்கு வேணாம்," என்றார்.

ஞாயிறு மத்தியானம் நாங்கள் இருவரும் மலைப்பாதையில் ஏறினோம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எல்லோருடைய பார்வையும் அவர் காலுக்குத்தான் போனது, தரையில் படுகிறதா என்று. படுவதைப் பார்த்த பிறகும் யாரும் கிட்ட வரவில்லை.

மூன்றாவது காம்பராவில் அவர் மனைவி சுவரோரம் நின்றிருந்தார். அதே நீலச் சேலை. வாசலில் நாலைந்து பெண்கள். அவர் உள்ளே போய்த் தன் படத்துக்கு முன்னால் நின்றார். மனைவியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மொதல்ல அதக் கழட்டுங்க," என்றார் மனைவி.

நான் போனில் பதிவைத் தொடங்கினேன். மாலையைக் கழற்றும்போது சாமந்தி உதிர்ந்து அவர் சட்டையில் ஒட்டியது. போனைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் போதும் என்று பட்டது.

"இது அவரு சிரிப்பு இல்ல," என்றார் மனைவி.

மாலையை மறுபடி போட்டோம். மறுபடி கழற்றிச் சிரித்தார்.

"இதுவும் இல்ல."

மூன்றாம் தடவை பல் தெரிந்தது, முகத்தில் வேறொன்றும் அசையவில்லை. சட்டத்துக்குள் இருந்த முகமும் வெளியே இருந்த முகமும் ஒன்றுபோலவே என் சின்னத் திரையில் தெரிந்தன. நான்காம் தடவை அவர் போனைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

"ஏய், நான்தான்."

"தெரியும். சிரிங்க."

ஐந்தாம் தடவை மாலையில் நார்தான் மிச்சம். அது அவர் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. வாசலில் நின்ற ஒருத்தி, அவருக்கு முறைப்பெண், பொறுமை இழந்துவிட்டாள்.

"என்னா மச்சான், சாவத்தான் தெரியல, சிரிக்கவுமா தெரியல? பணிசுக்கு மாவு பெசைஞ்சு மூஞ்சியும் பணிசு மாதிரி ஆயிருச்சு!"

பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு மூக்கு வழியாக முதலில் ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது. நார் தொங்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டே, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ம், அதுதான்," என்றார் மனைவி. சுவரோரத்திலிருந்து முதல் தடவையாக முன்னால் வந்தார். குனிந்து விளக்கை அணைத்தார். நிமிர்ந்து அவர் எதிரே நின்றார்.

"இப்பச் சொல்லுங்க. கினிகத்தேனையில எத்தன மாசம்?"

அவருடைய சிரிப்பு இன்னும் முழுதாக ஓயவில்லை. என் கையிலிருந்த போனில் பதிவு நின்றுவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் பதிவை நிறுத்தி, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.