குணசுந்தரி நடத்திய மீட்டிங்

பொன்னேரிப் பக்கம் நெல் விளையும் ஊர் ஒன்றில், அப்பா பேச மற்றவர்கள் கேட்டுக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் குணசுந்தரி. அந்த வீட்டில் முதல் பட்டதாரி. கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர் ஆனபோது, அங்கேயும் காலை மீட்டிங் அப்பாவின் வீடு மாதிரியே இருந்தது. சூப்பர்வைசர் பேசுவார், பெண்கள் தரையைப் பார்ப்பார்கள்.

அதை அவள் மாற்றினாள். முதலில் ஒவ்வொருத்தியும் காலையில் என்ன நாஷ்டா என்று சொல்லியாக வேண்டும். பட்டினி என்றாலும் சொல்ல வேண்டும். ஒருமுறை திறந்த வாய் மறுபடி திறக்கக் கூச்சப்படாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி குறுக்கிடக் கூடாது என்பதையும் பழக்கினாள். மெல்ல மெல்ல எந்த டேப் ஒட்டவில்லை, எந்த கிளிப் உடைகிறது எல்லாம் மீட்டிங்கிலேயே வெளியே வந்தன. அக்கா, அக்கா என்று அவளைச் சுற்றி ஒரே பேச்சு.

2008 கடைசியில் கார் விற்பனை படுத்தது. மேனேஜர் மணவாளன் அவளைக் கூப்பிட்டு, காண்ட்ராக்ட் பெண்களில் எட்டுப் பேரை வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொன்னார். பக்கத்து லைனில் இதே விஷயம், பெண்கள் கம்பெனி கேட்டில் தர்ணா உட்காரும் அளவுக்குப் போய்விட்டதாம்.

"உன் மீட்டிங்லயே சொல்லிடும்மா. நீ சொன்னா யாரும் சத்தம் போட மாட்டாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் வாயால் கேட்பதைவிடத் தன் வாயால் கேட்டால் அவர்களுக்கு வலி குறையும் என்று நினைத்துக்கொண்டாள். அது அக்கறையா, தன் வேலையும் போய்விடும் என்ற பயமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாளும் நாஷ்டாவில்தான் ஆரம்பித்தாள். வேறு எப்படி ஆரம்பிப்பது?

"மாமியா நேத்து கொழம்ப சூடு பண்ணி குட்த்துச்சி. இன்னும் உசுரோடதான் கீறேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குணசுந்தரி விஷயத்தைச் சொல்லிப் பெயர்களையும் சொன்னாள். சின்னப்பொண்ணின் பெயரும் அதில் இருந்தது.

யாரும் கத்தவில்லை. தங்கள் முறை வரும்வரை நின்று, ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். ஒருத்தி பாதியில் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அடுத்தவள் காத்திருந்தாள். கடைசியில் சின்னப்பொண்ணு.

"உனுக்கு நேத்தே தெரியும் இல்லக்கா? தெரிஞ்சிக்கினேதான் இன்னா துன்னேன்னு கேட்ட?"

ஆமாம் என்று குணசுந்தரி தலையை ஆட்டினாள்.

மணவாளனுக்கு ரொம்பத் திருப்தி. மற்ற லைன் லீடர்களுக்கும் மீட்டிங் நடத்த அவளே சொல்லித்தர வேண்டும் என்றார்.

அடுத்த நாள் காலை, மிச்சமிருந்தவர்கள் வந்து நின்றார்கள். வேலையில் ஏதாவது சிக்கல் உண்டா என்று குணசுந்தரி கேட்டாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வாயாடி என்று பெயரெடுத்த ஆரோக்கியமேரியைப் பார்த்து, "நீ சொல்லு மேரி" என்றாள்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள்.