அழுத்தக் கூடாத வயிறு

குளிப்பாட்டும்போதுதான் என் தங்கையின் கைக்கு அது தட்டுப்பட்டது. நாலு வயது மகளின் இடது விலாவுக்குக் கீழே, கல் மாதிரி ஒரு கட்டி. வலி இல்லை. குழந்தை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

தாராவியில் அவர்கள் சந்தில் வயிற்றுக் கோளாறு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: குடல் தட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு வயிறு தடவிவிடும் எதிர்வீட்டு அக்கா, விளக்கெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்துவிட்டார். சிறுநீர் சிவப்பாகப் போனதால் தங்கை பயந்தாள். முதலில் ஸ்கேன் என்று சொல்லி நான் டாக்ஸி பிடித்தேன்.

டாக்டர் மாட்டுங்காத் தமிழர். ஒரு தாளில் மொச்சைக்கொட்டை போல சிறுநீரகத்தை வரைந்து, அதன்மேல் பெரிய வட்டம் போட்டார்.

“குழந்தைகளுக்கு வர்ற கிட்னி கட்டி. கேன்சர்தான். ஆனா மருந்துக்கு நன்னா கேக்கும். முதல்ல மருந்து ஏத்திச் சுருக்குவோம். அப்புறம் அந்தக் கிட்னியோட எடுத்துடுவோம். இன்னொண்ணு போதும் அவளுக்கு. கட்டியைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அது உடைஞ்சா உள்ள பரவும். யாரும் வயத்தை அழுத்தப்படாது, கேட்டேளா?”

பார்க்க வருகிற ஒவ்வொருவரும் வயிற்றில் கைவைக்கும் சந்து அது. தங்கை நேராக எதிர்வீட்டு அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் முதல் அவர் தங்கையின் வாசல்படியை விட்டு நகரவில்லை.

“ஏட்டி, கைய எடு! கண்ணால பாரு, போதும்.”

“ஊர் வயித்தையெல்லாம் தடவுறது நீதான யக்கா?”

“இது டாக்டர் வயிறுட்டி. தள்ளி நில்லு.”

முடி கொட்டிய தலையோடு குழந்தையும், கை வைக்காதே என்று, உள்ளேயிருந்து இந்தியில் கத்துவாள்: “ஹாத் மத் லகா!”

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. அந்த அளவைத் தங்கைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

ஆபரேஷன் அன்று கதவு திறந்ததும் தங்கை, எதிர்வீட்டு அக்கா, நான் மூவரும் எழுந்தோம். டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். “முழுசா வந்துடுத்து.”

“கிழியலயே?” என்றார் அக்கா.

“கிழியலை.”

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சந்துக்குப் போன் போட்டார். “ஏய், உடையாம வந்திருக்குட்டி!” மறுமுனையில் எழுந்த கூச்சல் வராந்தா முழுக்கக் கேட்டது. காவலாளி மராத்தியில் அதட்டினார். அவருக்கும் அக்கா தமிழிலேயே விளக்கினார்.

பரிசோதனை முடிவு வர வேண்டும், மருந்தும் இன்னும் பாக்கி என்றார் டாக்டர். மறுநாள் நர்ஸ் ஆபரேஷன் காயத்தின் கட்டைப் பார்க்கக் கை நீட்டினார். அரைத்தூக்கத்தில் குழந்தை சீறினாள்: “ஹாத் மத் லகா!”

அக்கா குனிந்து சொன்னார்: “இவங்க தொடலாம்ட்டி.”