பெரியம்மா சொன்ன கணக்கு

அம்மாவின் கொழுந்துக் கூடையைப் பெரியம்மா அவசரமாக விறகுக்குப் பின்னால் தள்ளியது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சேரம்பாடித் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில், சென்சஸ் எடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சரும் கிளார்க்கும் நின்றார்கள்; இருவரும் எஸ்டேட்டுக்குப் புதிது. சுவரில் இரண்டு கூடை தொங்கினால் இன்னொரு ஆள் எங்கே என்று கேட்பார்கள். அம்மா அப்போது நெஞ்சு நோயோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டார். அம்மாவின் வேலை போனால் வீடும் போகும். சிலோனிலிருந்து திரும்பி வந்த எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதனால் அம்மாவின் அக்காவான பெரியம்மா, நெல்லியாளத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டு வந்து, அம்மாவின் பெயரிலேயே தினமும் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்தாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு எல்லாம் தெரியும். அந்த நல்ல மனுஷன் வாயே திறக்கவில்லை.

டீச்சர் பெயரைக் கேட்டதும், பெரியம்மா கூசாமல் அம்மாவின் பெயரைச் சொன்னாள். சாமி பெயரில் சத்தியம் என்றாலே நடுங்குகிறவள் அவள். வயதைக் கேட்டபோது, "அதெல்லாம் யாருங்க எழுதி வச்சா? நீங்களே பாத்துப் போட்டுக்கங்க" என்றாள். டீச்சர் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்து ஒரு வயதை எழுதினார். நான் "பெரிய..." என்று வாயெடுத்தேன். சட்டென்று என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட வா" என்றாள். அவர்கள் அடுத்த வாசலுக்குப் போகும்வரை பிடியை விடவில்லை.

மாதங்கள் கழித்து அம்மா தேறி வந்தாள். "உன் வேல உனக்கே இருக்கு, புடி" என்று கூடையைக் கொடுத்துவிட்டுப் பெரியம்மா பஸ் ஏறிப் போய்விட்டாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படியும் ஒருத்தி இருந்தாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

போன மாதம் குடும்ப வரலாறு எழுதக் கிளம்பிய என் மகள், எஸ்டேட் பள்ளிக்கூட பீரோவில் கிடந்த அந்தச் சென்சஸ் கணக்கின் நகலை வாங்கி வந்தாள்.

"எல்லாம் தப்புத் தப்பா இருக்கும்மா. பாட்டிக்குப் பத்துப் பதினஞ்சு வயசு கூடப் போட்டிருக்காங்க. ஆஸ்பத்திரியில இருந்தவங்க கொழுந்து பறிக்கறாங்களாம்!"

சிரித்துக்கொண்டே திருத்தப் பேனாவை எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. தாளை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"பெரிய பாட்டி பேரு இதுல எங்கயுமே இல்லையேம்மா."

அம்மாவின் பெயருக்கு எதிரே இருந்த வயதின் மேல் விரலை வைத்தேன்.

"இது அவங்க வயசு. திருத்தாத."