தார்ப்பாய் கட்ட ஒரு மேடை

1. ஏறச் சொன்னது யார்?

வேலு லாரி மேலிருந்து விழுந்த அன்று எங்கள் மேனேஜர் முதலில் கேட்டது அடி பலமா என்று அல்ல. "அவன யாருய்யா மேல ஏறச் சொன்னா?" என்றுதான் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். கீழவாஞ்சூரில் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியைக் குவித்து வைத்து, லாரியில் ஏற்றி அனுப்பும் ஒரு தனியார் யார்டில் டிப்பர் ஓட்டினேன். எங்களுடையது நெடுங்காட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆற்றுத் தண்ணீரை நம்பி உட்கார்ந்திருக்க முடியாமல் ஹெவி லைசென்ஸ் எடுத்தவன் நான். சேர்ந்த முதல் நாள், லோடர் கரியைக் கொட்டி முடித்ததும் மற்ற டிரைவர்கள் ஏணியைப் பிடித்து வண்டி மேல் ஏறினார்கள். நானும் ஏறினேன். தார்ப்பாய் மூடாமல் கேட்டைத் தாண்டக்கூடாது என்று ரூல் இருந்தது. அதை யார் கட்டுவது என்பதற்கு எந்த ரூலும் இல்லை.

கரி பறக்காமல் இருக்கத் தண்ணீர் அடித்திருப்பார்கள். கால் வைத்தால் சரியும். அதன் மேல் நடந்து தார்ப்பாயை இழுத்து, பக்கவாட்டில் குனிந்து கயிற்றைக் கொக்கியில் மாட்ட வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. வேலு அப்படிக் குனிந்தபோதுதான் விழுந்தான். இடுப்பு எலும்பு போனது. அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை.

"டிரைவர் வேலை ஓட்டுறது. இவனா ஏறி இவனா விழுந்தா கம்பெனி என்னய்யா பண்ணும்?" என்றார் மேனேஜர். அவர் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2. ஓட்டுவோம், ஏற மாட்டோம்

சங்கம் வைக்கலாம் என்று கிளம்பியவன் தனபால். திருமலைராயன்பட்டினத்துக்காரன், என்னைவிட இளையவன், வாய் ஓயாதவன். கூட்டம் டீக்கடைக்குப் பின்னால் நடந்தது. ஆளுக்கொரு கோரிக்கை சொன்னார்கள். பேட்டாவைக் கூட்டணும், கக்கூஸ் கட்டணும், மேனேஜரை மாத்தணும். தனபால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினான்.

"ஒண்ணே ஒண்ணு கேப்போம். லாரி ஒசரத்துக்கு ரெண்டு பக்கமும் இரும்பு மேடை, கைப்பிடியோட. வண்டிய நடுவுல நிறுத்துனா நின்னுக்கிட்டே கட்டிரலாம். அத வாங்கிட்டு மத்தத பேசுவோம்."

இன்னொன்றும் சொன்னான். "சங்கத்துல ஓனர் யாரும் வரக்கூடாது. ஒத்த வண்டி வச்சிருந்தாலும் ஓனரு ஓனருதான். போன தடவ அவங்கள உள்ள விட்டுத்தான் நாறிப்போச்சு." முன்பு ஒரு முறை சங்கம் என்று ஆரம்பித்ததை, கூட உட்கார்ந்திருந்த சிறு ஓனர்கள் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிக் கலைத்திருந்தார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நான் பலமாகவே தட்டினேன்.

ஸ்ட்ரைக் எல்லாம் செய்யவில்லை. ஒரு நாள் காலையில் எல்லோரும் வழக்கம்போல வந்து லோடு ஏற்றிக்கொண்டோம். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். மேலே மட்டும் யாரும் ஏறவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னய்யா இது? எடுங்கய்யா வண்டிய!"

"நாங்க ரெடி சார். தார்ப்பாய் மட்டும் கட்டச் சொல்லுங்க, எடுத்துர்றோம்" என்றான் தனபால்.

"நீங்கதான்யா கட்டணும்!"

"எங்கள யாரு சார் மேல ஏறச் சொன்னா?"

உச்சி வெயில் ஏற ஏறக் கடல் காற்று எழும்பியது. மூடாத கரி முழுவதும் ஆபீஸ் பக்கம் போனது. மேனேஜரின் வெள்ளைச் சட்டை எங்கள் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

சாயங்காலத்துக்குள் முதலாளியே காரில் வந்து இறங்கினார். கோபமே இல்லை. "மேடைதானப்பா? போட்டுருவோம். இதுக்கு ஏன் இவ்ளோ கலாட்டா?" என்றார். சொன்னபடியே அந்த வாரமே தூண் நடக் குழி தோண்டினார்கள்.

3. ஓனர் ஆக்கினார்கள்

குழி தோண்டிய கையோடு தனபாலை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மிரட்டப் போகிறார்கள் என்று நினைத்து நாங்கள் வாசலில் நின்றோம். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் ஓட்டிக்கொண்டிருந்த பழைய டிப்பரை அவனுக்கே கொடுக்கிறாராம் முதலாளி. முன்பணம் வேண்டாம், டிரிப் வாடகையில் மாதாமாதம் டியூ பிடித்துக்கொள்வாராம்.

"எஞ்சின் செத்த வண்டிடா அது" என்றேன்.

"பாத்துக்கலாம்ணே. இன்னும் எத்தன நாளைக்கு அடுத்தவன் வண்டியிலயே ஒக்காந்திருக்கிறது? பொண்ணு வளருது."

"மேடை?"

"குழி வெட்டிட்டாங்கல்ல. போட்டுருவாங்க."

வண்டி நெற்றியில் மகள் பெயரை எழுதினான், காவ்யா என்று. பூசை போட்டு எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தான். அவன் போட்ட ரூல்படி அடுத்த கூட்டத்துக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்து, கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகப் பேசக்கூடியவர்களாகப் பார்த்து ஆளுக்கொரு பழைய வண்டி கிடைத்தது. அவர்களும் லட்டு கொடுத்தார்கள். குழியில் மழைத் தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. பிறகு யாரோ மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

எனக்கு வண்டி கொடுக்கவில்லை. அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை போலிருக்கிறது. கொடுத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? தெரியவில்லை. அதனால் தனபாலைத் துரோகி என்று மற்றவர்கள் சொன்னபோது நான் சேர்ந்து சொல்லவில்லை.

ஓனர் ஆன பிறகும் அவன் அதே கேட்டில்தான் நின்றான், அதே கரியைத்தான் ஏற்றினான். டியூ கட்ட வேண்டியிருந்ததால் எங்களைவிட அதிக டிரிப் அடித்தான். தார்ப்பாயையும் அவனேதான் ஏறிக் கட்டினான்.

4. ஒரே வார்த்தை

ஆடிக் காற்று ஒரு நாள் தார்ப்பாயோடு சேர்த்து அவனைத் தூக்கிப் போட்டது. முதுகெலும்பில் அடி. புதுச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனோம். உயிர் மிஞ்சியது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

அவன் மனைவி அமுதாவோடு நான் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் அன்று ரொம்ப மரியாதையாகப் பேசினார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, அவரு எங்க டிரைவரா இருந்தா ஏதாச்சும் பாக்கலாம். அவரு ஓனரும்மா. எங்களுக்கும் அவருக்கும் வாடகைக் கணக்கு மட்டுந்தான்."

அமுதா எழுந்து நின்றுவிட்டாள். "ஓனருன்னா அவரு ஏன் சார் மேல ஏறுறாரு? நீங்க ஏறுவீங்களா?"

மேனேஜர் ஃபேனைப் பார்த்தார்.

அன்று வேலை முடிந்ததும் சங்கத்து ஆட்களிடம் போனேன். மிச்சமிருந்தது கொஞ்சம் பேர்தான். மறுபடியும் வண்டிகளை மூடாமல் நிறுத்துவோம், தனபாலுக்கும் கேட்போம், மேடைக்கும் கேட்போம் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வேலுவின் மச்சான்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அவரு ஓனரு. ஓனருக்காக நாம எப்படி நிறுத்துறது? ரூலே அவரு போட்டதுதானே?"

காலையில் ஆபீசில் கேட்ட அதே வார்த்தையைச் சாயங்காலம் சங்கத்தில் கேட்டேன். மறுநாள் எல்லோரும் லோடு ஏற்றினோம், எல்லோரும் மேலே ஏறிக் கட்டினோம். டியூ நின்றுபோனதால் முதலாளி அந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

5. இப்போது கேட்கிறவர்களுக்கு

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் சாப்பாடு டெலிவரி செய்யும் இரண்டு பேர், முதுகில் பையோடு என்னைத் தேடி வந்தார்கள். சங்கம் வைக்கலாமா வேண்டாமா என்று அவர்களுக்குள் சண்டையாம். என்னைவிட இதில் அடிபட்டவன் ஒருவன் இருக்கிறான் என்று தனபால் வீட்டுக்கு அழைத்துப் போனேன். திருமலைராயன்பட்டினத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தான்.

"எங்கள ஒர்க்கர்னு சொல்ல மாட்டாங்க சார், பார்ட்னர்னுதான் சொல்லுவாங்க. பார்ட்னருக்கு சங்கம் கெடையாதுங்கிறாங்க" என்றார் ஒருவர்.

தனபால் சிரித்தான். பார்க்கச் சகிக்கவில்லை. "மழையில வண்டி சறுக்கி விழுந்தா யாரு தம்பி விழுவா? அந்தக் கம்பெனிப் பார்ட்னரா, நீங்களா?"

அவர் முதுகுப் பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சங்கம் வைங்க. வைக்காம விட்டா ஒவ்வொருத்தனாத்தான் விழுவீங்க. ஆனா நான் போட்ட ரூல மட்டும் போடாதீங்க. வண்டி யாரு பேருல இருக்குன்னு கேக்காதீங்க. எவன் விழுவானோ அவன் சங்கத்துல இருக்கணும்."

இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்டதும் அதுதான். முதலாளி கொடுத்த பெயரை வைத்து அடுத்தவனை வெளியே தள்ளினோம். அவர் செய்ய வேண்டிய வேலையை நாங்களே செய்து கொடுத்தோம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் ஒரு கரி லாரி வந்தது. நெற்றியில் காவ்யா என்ற எழுத்து பாதி உதிர்ந்திருந்தது. ஓட்டியவன் தெரிந்த வீடு என்பதால் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். தனபால் தலையைத் திருப்பி, கண்ணுக்கு மறையும் வரை வண்டியின் பின்பக்கத்தையே பார்த்தான்.

"நல்லாத்தாண்ணே கட்டிருக்கான் தார்ப்பாய" என்றான்.

கட்டியவனும் ஓட்டியவனும் ஒரே ஆள்தான். அந்த வண்டிக்கு இப்போது அவன் ஓனர்.