சிறுமலையில் விலை பேசக் கூடாது

சிறுமலைக்கு வாழைத்தார் பிடிக்கப் போனேன். மேலே வாயைவிட்டுக் காரியத்தைக் கெடுத்து, அடிவாரத்தில் சரிசெய்துகொண்டு திரும்பினேன். போன மார்கழிக் கடைசியில் நடந்தது. தைப்பூசத்துக்குப் பழனியில் பஞ்சாமிர்தம் போடுகிறவர்களுக்குச் சிறுமலைப் பழம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வழக்கமான தோட்டத்தில் காற்றடித்து மரமெல்லாம் சாய்ந்துவிட்டது. பழம் போய்ச் சேராவிட்டால் அடுத்த வருஷம் என் கடைப் பக்கம் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து அடிவாரம் வரை ஜட்கா வண்டி, ஒரு ரூபாய். அதற்கு மேல் நடைதான். பொதிக்குதிரைக்காரர் செல்லையா முன்னால் ஏறினார்.

"பேச்சக் கொறைங்க ராவுத்தரே. மூச்சுக்கு இங்க கடன் கெடையாது," என்றார்.

உச்சிவேளைக்கு முன், செல்லையாவுக்குத் தெரிந்த பேச்சியம்மாளின் வாழைத் தோட்டத்தில் இருந்தோம். அந்த அம்மாள் உரித்துத் தந்த பழம் அப்படியொரு மணம். அவசரக்காரன் நான், தின்று முடிக்கும் முன்பே, "தார் ஒன்றரை ரூபா. மொத்தமும் எனக்கே," என்றேன்.

அவர் முகம் மாறியது. "மலை மேல வச்சு வெல சொல்லிட்டீங்களே! இங்க திங்கலாம், அள்ளிக் குடுக்கலாம். வெல அடிவாரத்துலதான். வேற தோட்டம் பாருங்க."

"பெரிய யாவாரின்னு கூட்டியாந்தேன், கெட்டுச்சு போங்க," என்று செல்லையா சிரித்தார்.

"தப்புன்னா அதுக்கு ஒரு வழியும் இருக்குமே, தாயி?"

பேச்சியம்மாள் பழத்தோலைக் குதிரைக்குப் போட்டார். "மேல சொன்ன வெல மலைக்குப் போச்சு, இனி அது செல்லாது. நானும் கீழ வாரேன். அங்க வேற வெல சொல்லுங்க, பாப்போம்."

ஒரு அணா குறைத்துச் சொன்னாலும் வேறு விலைதானே! (புதுப் பைசா வந்த பிறகும் மலையில் அணாக் கணக்குதான்.) அந்த எண்ணத்தோடுதான் இறங்கினேன். வேறு தோட்டத்துத் தார் ஏற்றி எங்களுக்கு முன்னால் இறங்கிய குதிரைகள் ஒரு வளைவில் கால் நடுங்கி நின்றன; வழுக்குப் பாறையில் செல்லையா ஓடிப்போய்ப் பொதிக்குத் தோள் கொடுத்தார். கீழே திண்டுக்கல் கோட்டைப் பாறை ஒரு வெல்லக்கட்டி அளவுக்குத் தெரிந்தது. அதன் காலடியில் இருக்கும் என் கடையை ஊகிக்கவே முடியவில்லை.

கடையில் உட்கார்ந்து இந்த மலையை நான் பார்ப்பது மழைக்காகத்தான்; முகட்டில் மேகம் கவிந்தால் மூட்டைகளை மூடச் சொல்வேன். செல்லையாவுக்கு இது கூலி, பேச்சியம்மாளுக்குச் சாமி. நான் கல்லைக் கும்பிடுகிறவனில்லை. ஆனாலும் அவர்கள் வழக்கத்தின் அருமை அன்று புரிந்தது. இறங்கி வந்து விலை சொல்கிறவன் வழியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறான்.

அடிவாரத்தில், "ஒண்ணே முக்கால்," என்றேன்.

"கீழ வந்தா வெலயும் எறங்கும்னு நெனச்சேன்!"

"எறங்குனப்பத்தான் தாயி, வழி எம்புட்டுன்னு தெரிஞ்சுச்சு."

போகிறவர்கள் விடியுமுன் கிளம்புங்கள், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், தந்ததைத் தின்னுங்கள். விலையை மட்டும் வாய்க்குள் வைத்திருங்கள்.

நாங்கள் பேசி முடித்தது இது: தார் ஒன்றே முக்கால் ரூபாய், குதிரைக் கூலி என்னுடையது, வழியில் நசுங்கும் பழத்தில் ஆளுக்குப் பாதி நட்டம், தைப்பூசம் முடியும்வரை வேறு வியாபாரிக்கு ஒரு தாரும் வெட்டுவதில்லை.