என் கூட்டாளி பேரில் கட்டிய பிராது

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அப்பா முதல் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் சைபர் கிரைம் போலீஸ். என் பெயரைச் சொல்லி, "நீதான கம்பெனி ஓனர்?" என்று கேட்டார்கள். நான் அந்த நாட்களில் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாகப் பைப் தூக்கிக்கொண்டிருந்தேன். ஓனர் என்று கேட்டதும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பிளாக் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

கொளஞ்சியப்பரை நம்பும் அன்பர்களே, நான் படித்தவன் இல்லை. பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் லாரி கிளீனர் என்று எந்த ஊரிலும் நிலைக்கவில்லை. கடைசியில் பெங்களூரில் சில புரோகிராமர்கள் தங்கியிருந்த அறையில் சமைத்துப் போட்டேன். சாப்பிடும்போது அவர்கள் பேச்செல்லாம் யாருக்கு ஃபண்டிங் வந்தது, யாருக்கு வேலை போனது, ஏஐ எப்போது தங்கள் நாற்காலியைப் பிடுங்கும் என்பதுதான். அவர்களில் ஒருவன் பிரபாகர். குறிஞ்சிப்பாடிக்காரன். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டோம். தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து எனக்கு கோடிங் கற்றுத் தந்தவன் அவன்தான். அந்த நன்றியை நான் இன்றும் மறுக்கவில்லை.

அவனுக்கு வேலை போனதும் சொந்தமாக ஸ்டார்ட்அப் தொடங்கினான். பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் இணையத்தில் விற்கும் ஆப். "நீயும் ஃபவுண்டர்தான்டா, நாம ஒரே குடும்பம்" என்றான். பழைய கம்பெனியோடு ஏதோ ஒப்பந்தச் சிக்கல் இருக்கிறது என்று சொல்லி, கம்பெனிப் பதிவை என் பெயரில் செய்தான். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

ஆர்டர் வரவில்லை. பலா அழுகியது. ஒரு நாள், "பிவட் பண்றோம்" என்றான். பழைய தொழிலை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குத் தாவுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. புதுத் தொழில், ஏஐ கற்றுக்கொடுத்து வீட்டிலிருந்தே புரோகிராமர் வேலை வாங்கித் தருவதாம். "நீ எழுதுற கோடெல்லாம் இப்ப ஏஐயே எழுதிடுதுடா. கொஞ்ச நாள் ஊர்ல இரு" என்று என்னை அனுப்பிவிட்டான். என்னை நீக்கியவன், கம்பெனிப் பதிவிலிருந்து என் பெயரை நீக்கவில்லை.

பணம் கட்டிய பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கவில்லை, பாடமும் கிடைக்கவில்லை. புகார்கள் குவிந்தன. அன்று ஜீப்பில் வந்தவர்கள் அதற்காகத்தான் என்னை விசாரித்துவிட்டுப் போனார்கள். போலீசிடம் பிரபாகர், "நான் அங்க சம்பளத்துக்கு இருந்தவன் சார்" என்று சொல்லிவிட்டான். என் நம்பரை பிளாக் செய்தான். பேப்பரில் இருப்பது உன் பெயர், கைதுக்குத் தயாராக இரு என்று நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் சொல்லிவிட்டார். அதன்பிறகு தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஜெயிலுக்குப் போவது உறுதி என்றே நினைத்தேன். அடி, பசி எல்லாம் பார்த்தவன் நான். ஆனால் அப்பா ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காராமல் தனியாக ஒரு சீட்டில் போனதைப் பார்க்க முடியவில்லை.

அப்பாதான் சொன்னார். "வக்கீலு அவரு வேலைய பாக்கட்டும். நீ கௌம்பு. கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிக்கினு வந்துடலாம்."

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முருகன் கோயிலின் வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நமக்கு அநியாயம் நடந்தால், இன்னார் இன்னது செய்தார் என்று மனுப்போல எழுதி சாமி காலடியில் வைத்து, பூஜை முடிந்ததும் அங்கேயே இருக்கும் முனியப்பர் சன்னதி வேலில் கட்ட வேண்டும். குறை தீர்ந்ததும் திரும்ப வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

முதலில் எழுதிய தாளில் அவன் நாசமாகப் போகட்டும் என்று பக்கம் முழுக்க எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். ஏஐயிடம் வேலை வாங்கிப் பழகியவன் நான். மொட்டையாகக் கேட்டால் எதையோ தரும். கேட்பதைத் திருத்தமாகக் கேட்க வேண்டும். அதனால் இப்படி எழுதினேன்: "முருகா, கையெழுத்துப் போட்டது நான். ஏமாற்றியது பிரபாகர். அதை அவன் தன் வாயால் போலீசில் சொல்ல வேண்டும்." வேலில் இறுக்கிக் கட்டினேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

திரும்பும் பஸ் கடலூர் பஸ். சாதாரணமாக வாயே திறக்காத அப்பா, பக்கத்தில் நின்ற ஆளிடம் பஸ் முழுக்கக் கேட்கும்படி எல்லாவற்றையும் கொட்டினார். பிரபாகர் பேர், அவன் ஊர், எதையும் விடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. நாங்கள் நெய்வேலியில் இறங்கினோம். பஸ் அந்தப் பேச்சோடு பிரபாகரின் ஊரான குறிஞ்சிப்பாடிக்குப் போனது. அப்பாவின் வாயைத் திறந்தது யார் என்று பிறகுதான் புரிந்தது.

அடுத்த வாரமே ஒரு அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "எம்புள்ள பேர்ல பிராது கட்டின வூடு இதானா?" என்றார். பின்னால் பிரபாகர், விலை உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு.

"அம்மாவுக்காகத்தான் வந்தேன். எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல" என்றான்.

"நம்பிக்கை இல்லன்னா ஏன்டா முந்தாநேத்துலேருந்து சரியா சாப்பிடாம திரியுற?" என்றார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பி, "தம்பி, கோர்ட்டு கேசுன்னா வாய்தா வாங்கிக்கினே இருப்பான். அவருகிட்ட வாய்தா வாங்க முடியுமாப்பா?" என்றார்.

"நீ வாபஸ் வாங்கு. நான் போய்ச் சொல்லிடறேன். ரெண்டு பேருக்கும் வின்-வின்" என்றான் பிரபாகர்.

"நீ சொல்லு. அப்புறம்தான் வாபஸ்" என்றேன்.

"இங்கயும் வியாபாரமா பேசுற? நடடா ஸ்டேஷனுக்கு" என்று அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் அந்த அம்மா.

நான் கேட்டபடியே, தன் வாயாலேயே சொன்னான். கம்பெனியை நடத்தியது தான்தான், பெயர் மட்டும்தான் என்னுடையது என்றான். பிறகு போலீஸ் விசாரித்ததில் அதுவே உண்மை என்று தெரிந்தது. என்னைச் சாட்சியாக மாற்றினார்கள். எனக்கு விலங்கு விழவில்லை. இது தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என் வாசலில் நடந்ததை நான் பார்த்தேன்.

நான் கேட்டது மட்டுமே கிடைத்தது. இழந்த வருஷங்கள் வரவில்லை. பிரபாகர் ஜாமீனில் வந்து, இப்போது பெங்களூரில் இன்னொரு ஸ்டார்ட்அப் தொடங்கிவிட்டான். "தோல்வி எனக்குக் கற்றுத் தந்தது" என்று மேடையில் பேசும் வீடியோவைப் பார்த்தேன். கைதட்டினார்கள். அவனுக்குத் தோல்வி ஒரு பதக்கம். ஏமாந்த பிள்ளைகள் இன்னும் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள். வழக்கில் சாட்சி சொல்லும் நாள் வரும். அதுவரை எந்த ஊருக்கும் ஓடுவதில்லை என்று சாமி முன் ஒத்துக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் இடத்தில் நிற்கிறேன்.

வாபஸ் வாங்கப் போனபோது அந்த அம்மாவும் வந்தார். கைகூப்பி அழுதார். நான் சாமியிடம் உள்ளதைச் சொன்னேன். "கேட்டதைக் கொடுத்தாய். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவனை மன்னிக்க மட்டும் என்னால் முடியவில்லை." பூஜை தடையில்லாமல் நடந்தது. விபூதியும் கிடைத்தது.

அன்பர்களே, மனம் சுத்தமான பிறகுதான் கோயிலுக்குப் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கசப்போடு போங்கள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி வையுங்கள். மன்னிக்க முடியாத என் போன்றவனையே அந்த முருகன் வெளியே போ என்று சொல்லவில்லை.