முந்திரி ஆகாத மகளுக்காகக் கேட்ட ஜெபம்

அன்பு உறவுகளே, என் மகள் ஜெனிக்கு மூச்சு நின்றுபோக இருந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

ஒரு ஊரில் எனக்குக் கால் தரிக்காது. போர்வெல் வண்டி, கதிர் அறுக்கும் மெஷின், திருவிழா ராட்டினம், எது கிளம்பினாலும் ஏறிவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி மரியாவும் என்னோடு ஊர் ஊராக வந்தாள். போன வருஷம் குறிஞ்சிப்பாடிப் பக்கம் தங்கினோம். மரியா வீட்டில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக் கொடுத்தாள்.

அங்கே போனதிலிருந்து ஜெனிக்கு அடிக்கடி உதடு வீங்கும், உடம்பு தடிக்கும். அவளுக்கு அப்போது மூன்று வயசு. முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "எண்ணெய் பட்டிருக்கும், தேங்காயெண்ணெய தடவு" என்றார்கள். தடவினோம். அடங்கும், திரும்ப வரும். ஜெபித்தோம். அப்படியும் வந்தது. ஒரு கட்டத்தில் ஜெபிப்பதையே நான் விட்டுவிட்டேன்.

சிதம்பரத்தில் மரியாவின் தம்பி சார்லஸ் மகனுக்கு முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. மரியா முழுப் பருப்பாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொண்டுபோய்த் தம்பி மனைவி லீமாவிடம் கொடுத்தாள். விருந்தில் இடியாப்பமும் வெள்ளைக் குருமாவும். ஜெனி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவுவதற்குள் இருமல் வந்தது. முகம் உப்பியது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

சார்லஸ் ஆட்டோவை எடுத்தான். கடைத்தெருவில் வண்டி நகரவில்லை. ஜெனி என் மடியில் துவண்டாள். எனக்கு ஜெபமாலைகூடச் சரியாகச் சொல்ல வராது. "ஆண்டவரே, இவள எங்ககிட்ட விட்டு வை. இது எதனாலன்னு காட்டு. நீ நிறுத்துற எடத்துல நான் நிக்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. முன்னால் நின்ற பஸ் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பஸ்ஸைக் கடைப்படி வரைக்கும் ஒதுக்கி வழி விட்டார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெனி வீறிட்டு அழுதாள். மரியா அங்கேயே முழங்கால் போட்டுவிட்டாள்.

"முந்திரி எண்ணெய் பட்டிருக்கும் மேடம்" என்று டாக்டரிடம் சொன்னேன்.

"எண்ணெய் பட்டா தோல்தான் வேகும். மூச்சு ஏன் அடைக்குது? என்ன சாப்ட்டா?"

இடியாப்பம், குருமா என்றேன். பின்னால் நின்ற லீமா வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, நீங்க கொண்டாந்த முந்திரியத்தான் குருமாவுல அரைச்சி ஊத்தனேன்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மரியா உரிக்கும்போதெல்லாம் உடைந்த துண்டை எடுத்துக் குழந்தை வாயில் போடுவாள். நாங்கள் ஓட்டு எண்ணெயைத் திட்டிக்கொண்டிருந்தோம், ஆகாதது பருப்பு. முந்திரி, அதே இனத்துப் பிஸ்தா இரண்டும் கூடவே கூடாது, டெஸ்ட் பண்ணாமல் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்காதீர்கள், மறுபடி வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

மரியா முந்திரி வேலையை விட்டாள். இப்போது சிதம்பரத்திலேயே தங்கி, அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் மோட்டார், பைப் வேலை பார்க்கிறேன். பழைய கூட்டாளி போன் பண்ணினான். "மச்சான், வண்டி ஆந்திரா போவுது, வரியா?" நான் போகவில்லை. புது ஊரென்றால் ஆசையாகக் குழந்தைக்கு ஊட்ட வரும் ஒவ்வொரு கையையும் தடுக்க வேண்டும். இங்கே தெருவுக்கே தெரியும். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குக் கேசரி செய்தால் ஜெனி பங்கைத் தனியாக எடுத்துவைத்த பிறகுதான் லீமா முந்திரி வறுக்கிறாள். "முந்திரிக் காட்டுல இருந்துட்டு வந்து முந்திரி ஆவாதாம், பெரிய மகாராணி" என்று சார்லஸ் கிண்டல் பண்ணுவான். ஆனால் கரண்டியை மாற்றிப் போட்டால் முதலில் கத்துவது அவன்தான்.

ஜெனிக்கு முந்திரி இன்னும் ஆகாது. அதற்காகவும் ஜெபிக்கிறேன். கேட்ட மற்றதெல்லாம் கிடைத்தது. குழந்தைக்கு எது ஆகவில்லை என்று தெரியாமல் தவிக்கிற பெற்றோரே, கேளுங்கள், கேட்பதை என்னைப் போல விட்டுவிடாதீர்கள். பதில் டாக்டர் வாயில் வந்தாலும் பஸ் டிரைவர் கையில் வந்தாலும் ஆண்டவர் அனுப்பியதுதான்.

போன ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தார். ஜெனி கையை நீட்டவில்லை. "ஃபாதர், இதுல முந்திரி இருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாக்கெட்டைத் திருப்பி, எழுதியிருந்ததை முழுசாகப் படித்தார்.

"இல்லடா, சாப்புடு."